கிரியேட்டினின் நார்மல்னா கிட்னி ஓகேவா? ரிப்போர்ட்டில் நாம் தவறவிடும் 2 எண்கள்

மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் பிடிஎஃப்-ஆக வாட்ஸ்அப்பில் வந்ததும் நாம் என்ன செய்வோம்? தடித்த எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று வேகமாக ஸ்க்ரோல் செய்வோம். கிரியேட்டினின் 1.2 என்று இருந்தால், "கிட்னி நல்லாதான் இருக்கு" என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம்.

ஆனால், அதே 1.2 எல்லோருக்கும் ஒரே அர்த்தம் தராது. 25 வயது மகனுக்கு 1.2 என்றால், அவருடைய சிறுநீரகங்கள் நிமிடத்துக்குச் சுமார் 86 மி.லி. வடிகட்டுகின்றன என்று கணக்கு. 65 வயது அம்மாவுக்கும் அதே 1.2 என்றால், அந்தக் கணக்கு சுமார் 50 மட்டுமே. இந்த அளவு 3 மாதங்களுக்கு மேல் 60-க்குக் கீழேயே இருந்தால், அது நாள்பட்ட சிறுநீரக நோய்.

கிட்னி ஃபெயிலியர் என்றால் என்ன?

நம் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. இந்தக் குட்டி வடிகட்டிகள் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதி மீண்டும் உடலுக்கே போய்விடும். 1 முதல் 2 லிட்டர் வரை மட்டுமே சிறுநீராக வெளியேறும்.

இந்த வேலை கெடுவதில் இரண்டு வகை உண்டு. கடுமையான வயிற்றுப்போக்கு, ரத்தத்தில் கிருமித்தொற்று, எலிக்காய்ச்சல், பாம்புக்கடி போன்றவற்றால் சில மணி நேரங்களிலோ நாள்களிலோ வருவது திடீர் பாதிப்பு. உடனே சிகிச்சை கிடைத்தால் பலர் மீண்டுவிடுவார்கள். இரண்டாவது வகை, வருடக்கணக்கில் மெதுவாக வருவது. அதில் இறந்துபோன நெஃப்ரான்கள் திரும்ப வராது. வடிகட்டும் அளவு 15-க்குக் கீழே இறங்கினால், அதைத்தான் மருத்துவர்கள் சிறுநீரகச் செயலிழப்பு என்கிறார்கள்.

அறிகுறியே தெரியாதா?

ஆரம்பத்தில் தெரியாது. சிக்கலே அங்கேதான். சில நெஃப்ரான்கள் போனால், மீதி இருப்பவை அந்த வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்யும். அதனால், ஏறக்குறைய பாதித் திறன் போகும்வரை கிரியேட்டினின் நார்மல் எல்லைக்குள்ளேயே இருக்கக்கூடும். கால் வீக்கம், தீராத சோர்வு, குமட்டல், உடல் அரிப்பு என்று வெளியே தெரியும்போது பெரும்பாலும் தாமதமாகியிருக்கும்.

யாருக்கு ரிஸ்க்?

முதல் இரண்டு காரணங்கள் நமக்குத் தெரிந்தவைதான்: சுகர், பிபி. பல வருடங்களாக இவை கட்டுப்பாட்டில் இல்லையென்றால், வடிகட்டியின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கெட்டுப்போகும். சிறுநீரகக் கற்களின் அடைப்பு, திரும்பத் திரும்ப வரும் தொற்று, பரம்பரையாக வரும் நீர்க்கட்டி நோய் ஆகியவையும் காரணமாகலாம்.

முதுகுவலி, மூட்டுவலிக்கு மெடிக்கலில் தானாக வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகள் இன்னொரு ஆபத்து. இவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். உடலில் நீர்ச்சத்து குறைந்திருக்கும்போது போட்டால் பாதிப்பு அதிகம். என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத பொடி, லேகியங்களிலும் கன உலோகங்கள் இருக்கலாம்.

சுகரும் பிபியும் இல்லாமலும் இது வரலாம். இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 1990-களிலிருந்து விவசாயிகள் பலர் இப்படிப் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். வெயில், நீர்ச்சத்து இழப்பு, குடிநீர், பூச்சிக்கொல்லி என்று பல கோணங்களில் ஆராய்ந்தும் ஒற்றைக் காரணம் இன்னும் உறுதியாகவில்லை.

சரி, அந்த 2 எண்கள் என்ன?

முதலாவது, இ-ஜிஎஃப்ஆர். கிரியேட்டினினோடு வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வடிகட்டும் திறன் இது. கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு என்பதால், தசை குறைந்த முதியவர்களுக்கு அது குறைவாகவே காட்டும். ஜிம் பாடி உள்ளவருக்கும் கிரியேட்டின் பவுடர் எடுப்பவருக்கும் நோய் இல்லாமலே கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம். அதனால், இதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, சிறுநீரில் ஏசிஆர். அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் எவ்வளவு கசிகிறது என்பதை இது சொல்லும். 30-க்குக் கீழே இருந்தால் நார்மல். 300-ஐத் தாண்டினால் கசிவு மிக அதிகம். சுகர் இருப்பவர்களுக்கு இ-ஜிஎஃப்ஆர் நன்றாக இருக்கும்போதே இது ஏறத் தொடங்கலாம். அதாவது, முன்கூட்டியே அடிக்கும் அலாரம் இதுதான். ஆனால், பல செக்கப் பேக்கேஜ்களில் இது இருப்பதில்லை. கேட்டு வாங்க வேண்டும்.

காய்ச்சலோ கடும் உடற்பயிற்சியோகூட ஏசிஆரைத் தற்காலிகமாக ஏற்றும். ஒரே ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதற வேண்டாம். மறுபரிசோதனைக்குப் பிறகுதான் முடிவு.

கவனிக்காமல் விட்டால்?

கழிவு தேங்குவதோடு இது நிற்காது. ரத்த அணுக்களை உருவாக்கத் தூண்டும் ஹார்மோன் குறைவதால் ரத்தசோகை வரும். வைட்டமின் டி, பாஸ்பரஸ் சமநிலை குலைவதால் எலும்பு பலவீனமாகும். நீர் தேங்கினால் நுரையீரலில் சேர்ந்து மூச்சுத்திணறும். பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பே தாறுமாறாகலாம். நோய் முற்றியவர்களைப் பார்க்கப் போகும்போது நாம் அன்போடு வாங்கிச் செல்லும் இளநீரும் வாழைப்பழமும் அவர்களுக்கு ஆபத்தாவது இதனால்தான். டயாலிசிஸ் நிலைக்கு வருவதற்கு முன்பே இதயநோயால் உயிரிழப்பவர்களும் நிறைய.

டயாலிசிஸ் என்றால் பொதுவாக வாரத்துக்கு 2 அல்லது 3 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம். வேலை, பயணம், வீட்டின் மாத பட்ஜெட் எல்லாமே அதைச் சுற்றித்தான் ஓடும். அதுவும் சிறுநீரகத்தின் வேலையில் ஒரு பகுதியைத்தான் செய்யும். இன்னொரு வழி, மாற்று அறுவை சிகிச்சை.

முன்பே தெரிந்தால் என்ன லாபம்?

நிறைய இருக்கிறது. பிபியையும் சுகரையும் கட்டுக்குள் வைத்து, உப்பைக் குறைத்தாலே வேகம் குறையும். புரதக் கசிவைக் குறைக்கும் பிபி மாத்திரைகள் இருக்கின்றன. சுகருக்காக வந்த டபாக்ளிஃப்ளோசின், சுகர் இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் பலன் தருவது 2020-ல் வெளியான பெரிய ஆய்வில் உறுதியானது. இவற்றை மருத்துவர் சொல்லித்தான் தொடங்க வேண்டும். இந்த மருந்துகளின் முழுப் பலனும் சீக்கிரம் தொடங்குபவர்களுக்குத்தான்.

"தண்ணி நிறைய குடிச்சா சரியாயிடும்" என்பதை மட்டும் நம்பாதீர்கள். கல் வராமல் தடுக்க அது உதவும். நோய் முற்றியவருக்கோ, வெளியேறாத அந்தத் தண்ணீரே சுமையாகிவிடும்.

வீட்டில் யாருக்காவது சுகரோ பிபியோ இருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: "இ-ஜிஎஃப்ஆர் எவ்வளவு? போன வருஷம் எவ்வளவு இருந்தது?", "யூரின் ஏசிஆர் எடுத்தாச்சா?" வருடத்துக்கு ஒருமுறை இந்த இரண்டையும் பார்த்துவிட்டால், சத்தமில்லாமல் வரும் நோயைப் பல வருடங்களுக்கு முன்பே பிடித்துவிடலாம்.