ஓர்கிட் வேருக்குக் காற்று வேண்டும்

தேத்தண்ணியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். யன்னலோரத்து ஓர்கிட் ஏன் அழுகுகிறது என்று பேசி முடிக்க ஒரு கோப்பை போதும்.

‘தண்ணீர் கூடிப்போச்சு’ என்பார்கள். பாதிதான் சரி. வேருக்குக் காற்றில்லை என்பதே முழுக் காரணம். நாம் வாங்குகிற ஃபலனாப்சிஸ், டென்ட்ரோபியம் எல்லாம் காட்டில் மரக்கிளையைப் பற்றி வாழ்பவை. மழை கொட்டும், சற்று நேரத்தில் வேர் காய்ந்துவிடும். அதை மண்ணுக்குள் புதைத்தால் மூச்சு முட்டாதா? கரித்துண்டு, செங்கல் துண்டு, தேங்காய்ப் பொச்சு, பக்கவாட்டிலும் துளையிட்ட மண்சாடி: இவ்வளவும் போதும்.

வேரைக் கிட்ட வைத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் வெள்ளிச் சாம்பல் நிறம். தண்ணீர் பட்ட கொஞ்ச நேரத்தில் பச்சையாகிவிடும். வெளியே சுற்றியிருப்பது செத்த கலங்களாலான, பஞ்சு போன்ற உறை. அது நனைந்ததும் உள்ளேயுள்ள பச்சையம் தெரிகிறது. வேர் வெளுத்தால் ஊற்றுங்கள், பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள். நாட்காட்டி பார்த்து ஊற்றுவது நம் கண்டிக்குச் சரிவராது. ஒக்டோபர், நவம்பர் மழையில் சாடி காயவே காயாது. பெப்ரவரி வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். காலையில் ஊற்றுவதே நல்லது. ஃபலனாப்சிஸின் இலை நடுவில் தேங்கும் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள், குருத்தழுகல் அங்கேதான் தொடங்கும்.

வெளிச்சத்துக்குக் கிழக்கு யன்னல் நல்லது. இலை கரும்பச்சையானால் வெளிச்சம் போதவில்லை. அந்தூரியத்துக்கும் ஏறக்குறைய இதே கவனிப்புத்தான், அதற்கு வேர் முழுவதுமாகக் காயக்கூடாது.

பூ விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். ஃபலனாப்சிஸ் பூந்தண்டு விடச் சில வாரங்கள் குளிர்ந்த இரவு வேண்டும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் ஜனவரி இரவு 18, 19 பாகைக்கு இறங்கும். கொழும்பில் அந்தக் குளிர் இல்லை. ஆகவே மார்கழி, தையில் செடியை யன்னலோரத்திலேயே விடுங்கள். தண்டு எட்டிப் பார்த்தபின் பூ விரிய இரண்டு மூன்று மாதமாகும்.

ஒரு வேண்டுகோள். மே மாதத்தையொட்டிப் பூக்கும் வெசாக் ஓர்கிட் இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. தாழ்நில ஈரக்காடுதான் அதன் வீடு. சட்டமும் அதைப் பாதுகாக்கிறது. காட்டிலிருந்து பிடுங்கிய கொத்தை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். நாற்றுமேடையில் வளர்த்த டென்ட்ரோபியத்தை வாங்குங்கள்.