உங்களுக்குத் தெரியுமா? மொட்டைமாடியில் ஒரு ‘சைக்கோ’ வீடு!

2025 வரை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்குப் போனவர்கள் மொட்டைமாடியைத் தவறவிட்டதில்லை. கைப்பிடிச் சுவருக்கு அப்பால் சென்ட்ரல் பார்க்கின் மரங்கள். இந்தப் பக்கம் சிற்பங்கள். 1987-இல் திறக்கப்பட்ட தோட்டம் இது.

2010-இல் இங்கே இரட்டைக் கலைஞர்களான ஸ்டார்ன் சகோதரர்கள் மூங்கில்களைக் கயிற்றால் கட்டிக் கட்டி, மாதக்கணக்கில் உயர்த்திக்கொண்டே போனார்கள். பார்வையாளர்களும் வழிகாட்டியுடன் உள்ளே ஏற முடிந்தது!

2013-இல் பாகிஸ்தான் ஓவியர் இம்ரான் குரேஷி வரைந்தது தரையிலேயே. தூரத்தில் ரத்தத் தெறிப்பு. குனிந்து பார்த்தால் நுணுக்கமான இலைகள், இதழ்கள். அதன்மேல்தான் எல்லோரும் நடந்தார்கள்.

2016-இல் கலைஞர் கொர்னீலியா பார்க்கர், பழைய சிவப்புக் களஞ்சியம் ஒன்றின் பலகைகளால் இயக்குநர் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ படத்து வீட்டை எழுப்பினார். முன்னால் நின்றால் முழு வீடு. பின்னால் போனாலோ வெறும் முட்டுக்கம்பிகள், அவை சாயாதிருக்கத் தண்ணீர்த் தொட்டிகள்!