சிப்பி கார்பனைப் பிடிக்கிறதா, விடுகிறதா?

கடற்புல், அலையாத்திக் காடு, சிமெண்ட், கடல்நீரில் விளைவிக்கும் மணல் ஆகிய நான்கின் கார்பன் கணக்கும் சுண்ணாம்பின் ஒரே வேதிவினையில் அடங்கியிருக்கிறது.

பள்ளி ஆய்வகத்தில் பலரும் பார்த்திருக்கக்கூடிய சோதனை இது. சோதனைக் குழாயில் உள்ள தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் மூச்சை ஊதினால் நீர் பால்போல் மாறும். வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதோடு வகுப்பு முடிந்துவிடும். ஆனால், நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்தால் அந்த வெண்மை மெல்ல மறைந்து நீர் மறுபடியும் தெளியும். அப்படித் தெளிந்த நீரைக் காய்ச்சினால் வெண்படிவு திரும்ப வரும். கூடவே கார்பன் டை ஆக்சைடு குமிழிட்டு வெளியேறும்.

முதலில் தோன்றிய வெண்மை, கால்சியம் கார்பனேட். சிப்பி, சங்கு, பவளப்பாறை, சுண்ணாம்புக் கல் எல்லாம் அந்தப் பொருள்தான். கார்பன் டை ஆக்சைடு மேலும் சேர்ந்தபோது அது பைகார்பனேட்டாகக் கரைந்தது. காய்ச்சியபோது பைகார்பனேட் உடைந்தது. அதிலிருந்த கார்பனில் பாதி திடப்பொருளாகப் படிய, மீதிப் பாதி வாயுவாகப் பறந்தது.

சுண்ணாம்பு கரையும்போது கார்பன் டை ஆக்சைடு உள்ளே போகிறது. படியும்போது வெளியே வருகிறது. கடலோரத்தில் கார்பனைச் சேமிக்கலாம் என்று இன்று முன்வைக்கப்படும் திட்டங்களில் பெரும்பாலானவை இந்த இரு வழிப் பாதையில் எங்கோ ஓரிடத்தில் நிற்கின்றன.

கடலின் கார இருப்பு

மனிதர்கள் ஆண்டுதோறும் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சியது வாயுவாகவே நீரில் தங்குவதில்லை. கடல்நீரில் உள்ள கனிமக் கார்பனில் சுமார் 90 சதவீதம் பைகார்பனேட்டாக இருக்கிறது. வாயு வடிவில் கரைந்திருப்பது ஒரு சதவீத அளவே. வளிமண்டலத்தில் இருப்பதைப்போல் நாற்பது மடங்குக்கும் அதிகமான கார்பனைக் கடல் தாங்கிக்கொண்டிருப்பது இதனால்தான்.

வாயுவைப் பைகார்பனேட்டாக மாற்றிப் பிடித்து வைக்கக் காரம் வேண்டும். மழைநீர் பாறைகளைக் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரித்து ஆறுகள் வழியே கொண்டுவந்து சேர்த்த காரம், கடலின் முதலிருப்பு. அந்த இருப்பு வளரும் வேகத்தைவிட இன்று நாம் வாயுவைச் சேர்க்கும் வேகம் பல மடங்கு அதிகம். தொழிற்புரட்சிக்கு முன் 8.2 என்ற அளவையொட்டி இருந்த கடல் மேற்பரப்பின் சராசரி பிஎச் இப்போது 8.1 என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. எண்ணில் சிறிய மாற்றமாகத் தெரியும். ஆனால் ஹைட்ரஜன் அயனிகள் சுமார் 30 சதவீதம் கூடிவிட்டன என்பதே இதன் பொருள்.

ஓட்டுக்குள் இருப்பது வரவா, செலவா?

சிப்பி ஓட்டின் எடையில் 44 சதவீதத்தைக் கார்பன் டை ஆக்சைடாகக் கணக்கிடலாம். அப்படியானால் சிப்பி வளர்ப்பது கார்பனைச் சிறைப்பிடிப்பதுதானே என்று தோன்றும். ஆனால் ஓட்டைக் கட்டும் சிப்பி செய்வது, காய்ச்சிய சோதனைக் குழாயில் நடந்த அதே வினையை. இரண்டு பைகார்பனேட்டை எடுத்து, ஒன்றை ஓடாக்கி, மற்றொன்றைக் கார்பன் டை ஆக்சைடாக விட்டுவிடுகிறது. அப்படி வெளிவருவதில் ஒரு பகுதியைக் கடல்நீரே மறுபடியும் வினைப்படுத்திக்கொள்கிறது. அதைக் கழித்தாலும் ஒரு மூலக்கூறு கார்பனேட் படியும்போது சுமார் 0.6 மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடு வெளியேறும் நிலையில் இருக்கும். பவளப்பாறைகள் வளிமண்டலத்துக்குக் கார்பனைத் தருகின்றனவா, வாங்குகின்றனவா என்று வேர், ஸ்மித், ரீகா-குட்லா ஆகிய மூவரும் 1992இல் எழுதிய கட்டுரை இந்தக் கணக்கின்படி அவை தருகின்றன என்று சொன்னது.

சிப்பியும் பவளமும் கடலுக்குக் கேடு என்று இதற்குப் பொருளில்லை. மீன்வளத்துக்கும் கரைப் பாதுகாப்புக்கும் அவை இன்றியமையாதவை. கார்பன் வரவுப் பட்டியலில் மட்டும் அவற்றைச் சேர்க்கக்கூடாது.

கடற்புல் வெளிகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. கடலோரச் சூழலமைப்புகள் சேமிக்கும் கார்பனுக்கு 'நீலக் கார்பன்' என்ற பெயர் 2009ஆம் ஆண்டின் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்ட அறிக்கைக்குப் பிறகு பரவியது. கடற்புல்லின் வேர்களுக்கிடையே சேற்றில் புதையும் இலைதழைகள் நீலக் கார்பனின் முக்கியப் பங்கு. அமெரிக்காவின் ஃபுளோரிடா விரிகுடாவில் கடற்புல் செழித்த ஓரிடத்தில், நீருக்கும் காற்றுக்கும் இடையே போய்வரும் கார்பன் டை ஆக்சைடை பிரைஸ் வான் டாம் குழுவினர் நேரடியாக அளந்தனர். அங்கே அடித்தளமே சுண்ணாம்பு மணல். புல்லின் இலைகளில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்களும் பாசிகளும் சிறு நத்தைகளும் ஓயாமல் சுண்ணாம்பைப் படியவைக்கின்றன. அந்தப் படிவு வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடு, சேற்றில் புதைந்த கார்பனைவிட அதிகம் என்பது 2021இல் வெளியான அவர்களின் முடிவு.

ஆகவே, எல்லாக் கடற்புல் வெளிக்கும் ஒரே கார்பன் மதிப்பைப் போட்டுவிட முடியாது. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆவுளியா என்ற கடற்பசுவுக்கான காப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது. அந்த உயிரினம் மேயும் புல்வெளி என்பதே அதைக் காக்கப் போதுமான காரணம். அதற்குக் கார்பன் விலையும் வைக்க நினைத்தால் அடியில் உள்ளது களிமண்ணா, சுண்ணாம்பு மணலா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

சேறு தயாரிக்கும் காரம்

அலையாத்திக் காட்டில் கணக்கு வேறு திசையில் போகிறது. அங்கே சேற்றுக்குள் ஆக்சிஜன் எட்டுவதில்லை. பாக்டீரியாக்கள் கடல்நீரில் உள்ள சல்பேட்டைப் பயன்படுத்தி மட்கும் இலைகளைச் சிதைக்கின்றன. விளைவாகப் பைகார்பனேட்டும் சல்ஃபைடும் உண்டாகின்றன. சல்ஃபைடு, சேற்றில் உள்ள இரும்போடு சேர்ந்து பைரைட் என்ற தாதுவாகிவிட்டால் அமிலத்துக்கு மூலமான கந்தகம் சேற்றிலேயே அடைபட்டுவிடும். பைகார்பனேட் ஓதம் வற்றும்போது ஓடைகள் வழியே கடலுக்குப் போய்ச் சேரும். அங்கே அது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தங்கக்கூடியது.

ஆஸ்திரேலியாவின் சதர்ன் கிராஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடந்த பத்தாண்டுகளில் செய்த அளவீடுகள் இந்த வழியைக் கவனத்துக்குக் கொண்டுவந்தன. சேற்றில் புதைந்ததை மட்டும் எண்ணினால் அலையாத்திகளின் உழைப்பில் பெரும்பங்கு விடுபட்டுப்போகிறது. நீரில் கரைந்து வெளியேறுவதையும் எண்ண வேண்டும்.

ஆனால், அந்த வரவு நிலைப்பது கந்தகம் சேற்றுக்குள் அடங்கியிருக்கும்வரைதான். இறால் பண்ணைக்காகச் சேற்றை வெட்டிக் காற்றில் குவித்தால் பைரைட் ஆக்சிஜனோடு வினைபுரிந்து கந்தக அமிலமாகும். கேரளத்தின் குட்டநாட்டு உழவர்கள் வயலுக்குச் சுண்ணாம்பு இட்டுப் போராடும் அமிலச் சல்பேட் மண் இந்த வினையின் விளைவு. பிச்சாவரமோ முத்துப்பேட்டையோ, அழிந்த காட்டுக்கு ஈடாக வேறோர் இடத்தில் கன்று நட்டுவிட்டால் கணக்கு நேராகாது என்பதற்கு இது வேதியியல் காரணம். மரம் போனதோடு பழைய சேறு சேர்த்து வைத்த காரமும் செலவாகிவிடுகிறது.

அரியலூர்க் கல்லும் ஆலைப் புகையும்

கிரெட்டேசியக் காலத்தில், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன், அரியலூர் வட்டாரம் கடலடியில் இருந்தது. அந்தக் கடலில் படிந்த சுண்ணாம்புக் கல் இன்று சிமெண்ட் ஆலைகளுக்குப் போகிறது. சிப்பி கட்டும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறும் என்றால், மலைமலையாகக் கிடக்கும் இந்தக் கல் எப்படிக் கார்பனின் பெட்டகமாயிற்று? காரத்தின் பிறப்பிடத்தில் விடை இருக்கிறது. மழைநீர் சிலிகேட் பாறையை அரித்து ஒரு கால்சியத்தை விடுவிக்கும்போது காற்றிலிருந்து இரண்டு கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்கிறது. ஓடு கட்டும்போது ஒன்று திரும்புகிறது. மற்றது கல்லில் தங்குகிறது. அந்தக் கால்சியம் பழைய சுண்ணாம்புக் கல்லைக் கரைத்து வந்ததாயிருந்தால் எடுத்தது ஒன்று, விட்டது ஒன்று, மிச்சம் எதுவுமில்லை.

கல் சேர்த்ததை ஆலை ஒரே சூட்டில் விடுவித்துவிடுகிறது. நூறு கிலோ தூய சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பும் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும். சூரிய மின்சாரத்தில் சுட்டாலும் இந்த 44 மாறாது. உலகின் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வில் 7 முதல் 8 சதவீதம் சிமெண்டிலிருந்து வருவதற்கு எரிபொருளைவிட இந்தக் கல்லே பெரிய காரணம்.

கான்கிரீட் தன் வாழ்நாளில் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடைத் திரும்ப உறிஞ்சவும் செய்கிறது. 1930 முதல் 2013 வரை கல்லைச் சுட்டதால் வெளியேறியதில் சுமார் 43 சதவீதம் இப்படித் திரும்பியிருக்கிறது என்று 2016இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இந்த வரவுக்கும் விலையுண்டு. காரத்தன்மை இருக்கும்வரை கான்கிரீட்டுக்குள் உள்ள கம்பி துருப்பிடிக்காது. வாயு ஊடுருவிக் காரம் தீர்ந்ததும் துரு தொடங்கும். உப்புக்காற்று வீசும் ஊர்களில் தளத்தின் காரை பெயர்ந்து விழுவதில் இதற்கும் பங்குண்டு.

சுடும் கல்லின் அளவைக் குறைப்பது இன்னொரு வழி. சுவிட்சர்லாந்தின் காரென் ஸ்க்ரிவனர், கியூபாவின் பெர்னாண்டோ மார்ட்டிரேனா ஆகியோரோடு சென்னை ஐஐடி உள்ளிட்ட இந்திய நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய எல்சி3 சிமெண்டில், சுண்ணாம்புக் கல்லைச் சுட்டுப் பெறும் கிளிங்கர் ஏறக்குறைய பாதிதான். மீதியில் பெரும்பகுதி, 700 முதல் 850 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்ட களிமண். களிமண்ணில் கார்பனேட் கிடையாது, எனவே அது சுடும்போது கார்பன் டை ஆக்சைடை விடுவதில்லை. கூடவே சுடாத சுண்ணாம்புக் கல் தூள் சேர்கிறது. உமிழ்வு 40 சதவீதம் வரை குறைகிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2023இல் இதற்குத் தரநிலை வெளியிட்டது.

கடல்நீரில் விளையும் மணல்

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் அலெஸாண்ட்ரோ ரோட்டா லோரியாவின் குழு 2025இல் ஒரு புதுப்பொருளைக் காட்டியது. கடல்நீரில் மின்சாரம் செலுத்தி, கார்பன் டை ஆக்சைடைக் குமிழவிட்டு, கால்சியம் கார்பனேட்டும் மக்னீசியம் ஹைட்ராக்சைடும் கலந்த மணல் போன்ற துகளை அவர்கள் வளர்த்தனர். மின்னழுத்தத்தையும் வாயு ஓட்டத்தையும் மாற்றினால் துகளின் அளவும் அடர்த்தியும் மாறுகின்றன. கான்கிரீட்டில் மணலுக்கு மாற்றாக இதைப் போடலாம்.

சிப்பி விடும் கார்பன் டை ஆக்சைடை இந்த மணல் ஏன் விடுவதில்லை? எதிர்மின்வாயில் நீர் உடைந்து ஹைட்ரஜனும் காரமும் பிறக்கின்றன. கடலின் முதலிருப்பைத் தொடாமல் மின்சாரம் புதிதாகத் தந்த காரம் அது. ஆனால் மின்னாற்பகுப்பில் ஒரு முனையில் காரம் பிறந்தால் மறுமுனையில் அதே அளவு அமிலமும் பிறக்கும். அந்த அமிலம் கடலுக்கே திரும்பினால் கிடைத்த ஆதாயம் அழிந்துவிடும். இத்தகைய தொழில்நுட்பம் எதையும் எடைபோடும்போது அமிலத்தை என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது அவசியம்.

கடலுக்கு நேரடியாகக் காரம்

சுட்ட சுண்ணாம்பைக் கடலில் கலந்தால் அது கூடுதல் கார்பன் டை ஆக்சைடை ஈர்க்கும் என்று ஹாரூன் கேஷ்கி 1995இலேயே எழுதினார். அதைச் சுடும் காளவாயின் புகையைப் பிடித்து அடக்காவிட்டால் பலனில் பெரும்பகுதி புகையோடு போய்விடும். 2016இல் ரெபெக்கா ஆல்பிரைட், கென் கால்டெய்ரா குழுவினர், ஆஸ்திரேலியாவின் ஒன் ட்ரீ தீவில் பவளத்திட்டு மீது ஓடும் நீரில் சோடியம் ஹைட்ராக்சைடைக் கலந்து பார்த்த ஆய்வை வெளியிட்டனர். பவளத்திட்டில் சுண்ணாம்பு படியும் வேகம் சுமார் 7 சதவீதம் கூடியது. 2025 ஆகஸ்டில் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தினர் மேய்ன் வளைகுடாவில் சுமார் 65,000 லிட்டர் சோடியம் ஹைட்ராக்சைடுக் கரைசலைச் சிவப்புச் சாயத்தோடு கலந்துவிட்டு, அது பரவும் பாதையைப் பின்தொடர்ந்தனர்.

கடலில் காரம் கலக்கும் இந்த வழிக்கு இரண்டு தடைகள் உண்டு. ஓரிடத்தில் காரம் அளவுக்கு மீறினால் சுண்ணாம்பு தானாகவே படியத் தொடங்கி, போட்ட காரத்தையே தின்றுவிடும். மற்றது அளவீடு. காரம் சேர்ந்த நீர் காற்றிலிருந்து வாயுவை முழுமையாக ஈர்க்கப் பல மாதங்கள் ஆகும். அதற்குள் அந்த நீர் கலந்து ஆழத்துக்கும் போய்விடலாம். இங்கிலாந்தின் கார்ன்வாலில் செயின்ட் ஐவ்ஸ் விரிகுடாவில் இப்படியொரு சோதனைத் திட்டத்துக்கு 2023இல் மக்கள் கடற்கரையில் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். கடலை நம்பிப் பிழைப்பவர்கள் கேள்வி கேட்பதை அறியாமை என்று ஒதுக்க முடியாது.

எதை எண்ண வேண்டும்

இந்திய அரசு 2023ஆம் ஆண்டு பட்ஜெட்டில் அலையாத்திகளுக்கென 'மிஷ்டி' திட்டத்தை அறிவித்தது. நீலக் கார்பனுக்குச் சந்தையும் உருவாகிக்கொண்டிருக்கிறது. சேற்றில் குழாயை இறக்கி, எடுத்த மண்ணில் கார்பனை அளப்பது இப்போது பரவலாக உள்ள முறை. அத்தோடு ஓடைநீரின் காரத்தன்மையையும் ஓதத்துக்கு ஓதம் அளக்க வேண்டும். அதன் அடிப்படை, கல்லூரி மாணவர்கள் செய்யும் அமில-காரத் தரம்பார்த்தல்தான். துல்லியம் வேண்டும் என்பதால், கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தில் ஆண்ட்ரூ டிக்சனின் ஆய்வகம் தயாரித்த தரநீர் புட்டிகளை ஒப்பிட்டு உலகெங்கும் கருவிகளைச் சரிபார்த்துவந்திருக்கிறார்கள். நம் கடலோரப் பல்கலைக்கழகங்களுக்கு எட்டாத வேலையில்லை இது.

புதைந்த சேற்றை மட்டும் காட்டும் சான்றிதழ், அரைக் கணக்கு. சிப்பி ஓட்டையும் வரவில் வைத்தால் தவறான கணக்கு. கார்பனைப் பிடிக்கப்போகிறோம் என்று ஒரு நிறுவனம் கடலோர ஊருக்கு வந்து நின்றால், கிராமசபையில் எழுந்து கேட்க வேண்டியவை இரண்டு: உங்கள் காரம் எங்கிருந்து வருகிறது? உங்கள் அமிலம் எங்கே போகிறது? இவற்றுக்கு எண்களோடு பதில் சொல்ல முடியாத திட்டத்துக்குக் கையெழுத்துப் போட அவசரப்பட வேண்டியதில்லை.