வண்ணமீன் சந்தையும் நம் கண்மாயும்

2023 ஜூன் முதல் போடிநாயக்கனூரிலிருந்து சென்னைக்கு நேரடி ரயில் ஓடுகிறது. சென்னைக்குக் கல்விச் சுற்றுலா செல்லும் நம் பகுதிப் பள்ளிகள், கடற்கரை, அருங்காட்சியகத்தோடு கொளத்தூர் வண்ணமீன் சந்தையையும் திட்டத்தில் சேர்க்கலாம். நெரிசல் மிகுந்த அந்தக் கடைத்தெருவில் பாடநூலின் பல பக்கங்களை நேரில் பார்க்கலாம்.

கடைக்காரர் மீனைப் பையில் அடைப்பதை முதலில் கவனிக்கச் சொல்லுங்கள். பையில் மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீர். மீதி இடத்தில் சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன் நிரப்புவார். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் மிகக் குறைவு. மேலேயுள்ள வாயு கரைந்துகொண்டே இருந்தால்தான் மீன் நீண்ட பயணத்தைத் தாங்கும். ஃபைட்டர் மீனோ சிறு பாட்டிலில் தனியாக இருக்கும். ஆண் மீன்கள் ஒன்றையொன்று தாக்கும் என்பதால்தான் இந்தத் தனிமை. காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு இருப்பதால் அது அங்கே பிழைத்திருக்கிறது. நம் கண்மாய் விராலும் காற்றைச் சுவாசிக்கும் என்று சொன்னால் மாணவர்களுக்குச் சட்டென விளங்கும்.

அடுத்து, மீன்களின் தாயகத்தை உலக வரைபடத்தில் குறிக்கச் செய்யலாம். தங்கமீன் சீனாவிலிருந்தும், ஏஞ்சல் அமேசானிலிருந்தும், ஃபைட்டர் தாய்லாந்துப் பகுதியிலிருந்தும் வந்தவை.

இனி, சந்தையில் கட்டாயம் பேச வேண்டிய ஒன்று உண்டு. தொட்டியின் பாசியைத் தின்னும் என்று ‘டேங்க் கிளீனர்’ மீனை விற்கிறார்கள். விரல் நீளத்தில் வாங்கும் இந்தத் தென் அமெரிக்க மீன் ஓர் அடிக்கு மேல் வளரும். தொட்டி போதாதபோது, கொல்ல மனமின்றிப் பலர் அதைக் குளத்தில் விட்டுவிடுகிறார்கள். உடல் முழுதும் கடினமான தகடுகள் இருப்பதால் எளிதில் எதற்கும் இரையாகாது. கரையைக் குடைந்து முட்டையிடும். மீனவர் வலையையும் பாழாக்கும். தமிழக நீர்நிலைகள் பலவற்றில் இது ஏற்கெனவே பரவியுள்ளது.

மேற்கு மலைச்சரிவில் பிறந்து போடியைத் தொட்டு ஓடும் கொட்டக்குடி ஆறு வைகையில் கலக்கிறது. ஆகவே, போடியில் விட்ட மீன் போடியிலேயே நின்றுவிடாது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீனான ஜிலேபி இன்று ஊர்தோறும் கண்மாயில் இருப்பதை எடுத்துக்காட்டுங்கள்.

வளர்ப்புப் பறவைக் கடைகளிலும் ஒரு பாடம் உண்டு. வெளிநாட்டைச் சேர்ந்த லவ் பேர்ட்ஸை வீட்டில் வளர்க்கலாம். நம் பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை ஆகியவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி குற்றம். மரப்பொந்தில் கிளிக்குஞ்சு பார்த்து வளரும் மலையடிவாரப் பிள்ளைகளுக்கு இது அவசியம் தெரிய வேண்டும்.

எதையும் வாங்குமுன் மாணவர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: இது எவ்வளவு பெரிதாகும்? எத்தனை ஆண்டு வாழும்? வளர்க்க முடியாவிட்டால் யாரிடம் ஒப்படைப்பேன்? கடைக்காரரிடமே கேட்டுக் குறித்து வரட்டும். மூன்றாவது கேள்விக்கு ‘ஆற்றில் விடுவேன்’ என்று ஒரு குழந்தை எழுதினால், மறுநாள் வகுப்பை அங்கிருந்தே தொடங்குங்கள்.