மேற்சீட்டும் உள்சரக்கும்

அமெரிக்காவில் கஞ்சாச் செடியின் இனத்தினின்று எடுக்கும் ஸி.பி.டி. என்னும் தைலம் பகிரங்கமாக விற்பனையாகிறது. இது போதை தராது என்பது வியாபாரிகளின் வாக்கு. போதை தருவது டி.ஹெச்.ஸி. என்னும் வேறொரு சத்து. வாக்கை நம்பிப் பணங் கொடுப்போர் கதி யாது? 2017ம் வருஷம் வெளியான ஆராய்ச்சியொன்றில், இணையக் கடைகளில் வாங்கிய இத்தகைய சரக்குகள் 84 சோதிக்கப்பட்டன. மேற்சீட்டில் கண்ட அளவோடு ஒத்திருந்தவை 26 மட்டுமே! பதினெட்டில் டி.ஹெச்.ஸி.யும் இருந்தது. வலிக்கு மருந்தென்று அதை உண்ட தொழிலாளி, முதலாளி நடத்தும் சிறுநீர்ப் பரிசோதனையில் அகப்பட்டால், பிழைப்பு போவது அவனுக்கே, வியாபாரிக்கன்று.

ஆகவே வாங்குவோர் முதலிற் கேட்க வேண்டுவது விலையன்று. வியாபாரியைச் சாராத பரிசோதனைச் சாலையின் அத்தாட்சிப் பத்திரம். அதிலுள்ள தொகுதி எண் புட்டியின் எண்ணோடு ஒவ்வாவிடில் அது வெறுங் காகிதமே. ஈயம், பூச்சிமருந்து இவற்றுக்கும் சோதனை நடந்ததா என்று பார்ப்பது நலம்.

அண்டை நாடாகிய கானடாவில் சர்க்காரே கண்டிப்பு வைத்திருக்கிறது. 2018 அக்டோபர் 17 முதல் அங்கே கஞ்சா விற்பனை சட்ட சம்மதமானது. அனுமதி பெற்ற கடையில் விற்கும் கஞ்சாப் பொட்டலத்தில் தீர்வை முத்திரை காணும். தின்பண்டப் பொட்டலமொன்றில் டி.ஹெச்.ஸி. 10 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. ஆயினும் தின்பண்டத்தின் வேகம் தெரிய 2 மணி நேரமும் ஆகலாம். அதற்குள் பலனில்லையென்று மற்றொன்றையும் விழுங்கி ஆஸ்பத்திரிக்குப் போவோர் அங்கும் உண்டு.