அப்பன் தொழிலா? அறிவுத் தொழிலா?

ஆம்பூரில் தைத்த காலணி கப்பலேறுகிறது. ஐரோப்பியச் சீமான் அதை மாட்டிக்கொண்டு ஒய்யாரமாக நடக்கிறான். தைத்தவன் காலிலே ரப்பர் செருப்பு! இதை மேடைதோறும் பேசியிருக்கிறோம், கைதட்டலும் பெற்றிருக்கிறோம். இன்று அந்தத் தோழனைப் பற்றியல்ல, பத்தாம் வகுப்புத் தேறிவிட்டு வாசற்படியில் நிற்கும் அவன் மகனைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

"பையனுக்குத் தொழில் கற்றுக்கொடுங்கள்" என்கிறார்கள் பெரிய மனிதர்கள். கேட்டதும் நம் இயக்கத்தார் நிமிர்ந்து உட்காருவர். உட்காரத்தான் வேண்டும்! 1953-ல் ஆச்சாரியார் கொண்டுவந்தாரே ஒரு திட்டம்: மூன்று மணி நேரம் பள்ளி, மீதிப் பொழுது அப்பன் தொழில்! வண்ணான் மகன் வெளுக்கப் போ, குயவன் மகன் சக்கரம் சுற்றப் போ, தோல் பதனிடுவோன் மகன் சுண்ணாம்புக் குழிக்குப் போ! பெரியார் கர்ஜித்தார், அவ்வாண்டு சூலையில் கழகம் நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இந்தக் குலக்கல்வியை நோக்கியே பாய்ந்தது. 1954-ல் ஆச்சாரியார் பதவி விலகினார், காமராசர் வந்தார், திட்டம் குப்பைக்குப் போயிற்று.

போனது திரும்பி வராதா? 2023-ல் டில்லி 'விசுவகர்மா' என்று பெயர் சூட்டி அனுப்பியது. 18 வகைத் தொழில்கள். குடும்ப வழித் தொழிலாக இருக்கவேண்டுமாம். வயது 18 ஆனால் போதுமாம்! கல்லூரி வாசலை மிதிக்கவேண்டிய வயது அல்லவா அது? தமிழ்நாடு அதை ஏற்க மறுத்து, 2025-ல் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனை அதில் இல்லை; வயது வரம்பும் 35-லிருந்து.

இதெல்லாம் சரி. ஆனால் தோழர்களே, நம் வீட்டையும் கொஞ்சம் பார்ப்போம். "தொழிற்பிரிவா? அது மக்குப் பிள்ளை சேருகிற இடம்" என்று நம்மவரே சொல்லக் கேட்கிறோம். கருப்புச் சட்டைக்காரர் வாயிலிருந்தும் கேட்டோம்! கை வேலை தாழ்ந்தது, ஏட்டுப் படிப்பு உயர்ந்தது என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தது? மனுவின் பேரன் அல்லவா! தொழிற்கல்வி கூடாதென்று நாம் போராடவில்லை. பிறப்பைப் பார்த்துத் தொழில் தராதே என்றுதான் போராடினோம்.

தோல் தொழிலில் அறிவுக்கு இடமில்லையா? பச்சைத் தோலில் மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்க்கிறார்கள். பிறகு உப்பும் அமிலமும் கலந்த ஊறல், அதன்பின் குரோமியம். சல்ஃபைடு கலந்த கழிவோடு அமிலம் சேர்ந்தால் பிறப்பது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு மீறினால் நாற்றமே தெரியாது! விஷம் போய்விட்டதா? இல்லை, மூக்கு மரத்துப்போயிற்று! தொட்டி கழுவ இறங்கியவன் சாய்வான்; தூக்கப் போன தம்பியும் சாய்வான். இதே வாயுவைத்தான் உப்புக்களைப் பகுத்தாய நெடுங்காலமாகப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிக் காட்டினார்கள். ஆய்வுக்கூடத்துப் பையனுக்குக் குழி தெரியாது. குழியில் இறங்கும் அப்பனுக்கு வாயுவின் பெயர் தெரியாது. இந்த இரண்டையும் சேர்த்துவைப்பதற்குப் பெயர்தான் தொழிற்கல்வி என்கிறோம் நாம்.

2015 சனவரி 31. இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் நள்ளிரவில் இடிந்தது. பக்கத்துத் தொழிற்கூடத்தில் உறங்கியவர்கள் 10 பேர் சேற்றிலே மாண்டனர்; பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்தச் சுவர் எவ்வளவு பளு தாங்கும் என்று கேட்கத் தெரிந்த தொழிலாளி ஒருவன் அங்கே இருந்திருந்தால்? கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்குமா என்பது வேறு கதை.

மேனிலைப் பள்ளியில் தொழிற்பிரிவு 1978-லேயே வந்துவிட்டது. ஆனால் ஆசிரியர் ஓய்வு பெற்றதும் பிரிவையே பூட்டிவிட்ட பள்ளிகள் உண்டு. துருப்பிடித்த எந்திரத்தைக் காட்டி 'பட்டறை' என்பதும் உண்டு. 2022-ல் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த 'நான் முதல்வன்' நல்ல வழிகாட்டி. ஆனால் வழிகாட்டிப் பலகை மட்டும் போதுமா, பாதையும் போடவேண்டாமா?

அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948 முதல் இருக்கிறது. அண்ணாவின் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்தில் தோல் தொழில்நுட்பத்துக்குப் பி.டெக். பட்டமே தருகிறார்கள். அரசுப் பள்ளி மாணவருக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021-ல் சட்டமாயிற்று. பேரணாம்பட்டுத் தொழிலாளியின் மகள் இவ்வளவையும் அறிவாளா? ஷூ கம்பெனித் தையல் எந்திரங்களின் முன் வரிசை வரிசையாக அமர்ந்திருப்பது அவள் தாயும் அத்தையுமே. வடிவமைக்கும் அறையில், விலை போடும் மேசையில், கழிவுநீரைச் சோதிக்கும் கூடத்தில் அவர்களில் எத்தனை பேர்?

தோழர்களே, பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்களுக்கே பெரும்பான்மை. அடுத்த கூட்டத்துக்கு வேலைநாள் கூலி போனாலும் போங்கள். நம் ஊர்ப் பள்ளியில் தொழிற்பிரிவு உண்டா, அதற்கு ஆசிரியர் உண்டா, எந்திரம் ஓடுகிறதா, அதில் படித்த பிள்ளை மேற்கொண்டு எந்தக் கல்லூரிக்குப் போனான்? இந்த நான்கையும் கேட்டு, பதிலைத் தீர்மான ஏட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதன் நகலைக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள்.