15-ல் சாம்பியன், 25-ல் என்ன ஆச்சு?

புதுச்சேரியில் ராத்திரி பஸ் ஏறினால் காலையில் பெங்களூரு. அங்கேதான் 2023 டிசம்பரில் ஆண்கள் கிளப் உலக வாலிபால் சாம்பியன்ஷிப் நடந்தது. இந்தியாவில் இதுவே முதல்முறை.

மொத்தம் 6 அணிகள், 2 பிரிவுகள். பிரைம் வாலிபால் லீக் சாம்பியனாக இறங்கிய அகமதாபாத் டிஃபெண்டர்ஸ், இத்தாலியின் பெருஜியா, பிரேசிலின் மினாஸ் இரண்டிடமும் தோற்று வெளியேறியது. அந்த இரண்டு அணிகளே பிறகு ஃபைனலிலும் மோதின, கோப்பை பெருஜியாவுக்கு.

உயரம், அனுபவம் எனக் காரணங்கள் பல. கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கு: நம்ம லீக்கில் செட்டுக்கு 15 புள்ளி, உலகப் போட்டியில் 25. பதினைந்தில் நாலு சர்வ் நல்லா விழுந்தாலே செட் கைக்கு வந்துடும். இருபத்தைந்தில் எதிரணி மீண்டு வர அவகாசம் அதிகம். டிவிக்கு 15 விறுவிறுப்புதான். ஆனால் உலக அரங்கில் தாக்குப்பிடிக்க 25-ல் பழகியே ஆகணும்.